பல்கலைக்கழக வளாகத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கம்: புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து ஒருங்கிணைப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பகுதியில் ஏதாவது ஒரு துறை பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்தப் போவதாக முடிவெடுத்த மறுவாரமே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கேட்கும் ஆட்கள் மாறுகிறார்கள், ஐயங்கள் மாறுவதில்லை. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகமானாலும், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமானாலும், கடலூரில் உள்ள ஒரு கல்லூரியானாலும் பொருந்தும்படி இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். விசா, நிதி தொடர்பான விதிகள் அடிக்கடி மாறுபவை. வேலையில் இறங்கும் முன் உரிய அமைச்சகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. எத்தனை வெளிநாட்டவர் வந்தால் 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்று அழைப்பிதழில் போடலாம்?

எல்லாரும் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை என்று எதுவும் கிடையாது. கேள்வி ஏன் பிறக்கிறது என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் ஆசிரியரின் ஆய்வு மதிப்பீட்டில் 5 புள்ளி; தேசியக் கருத்தரங்கில் 3; மாநில அல்லது பல்கலைக்கழக அளவில் 2. இந்த இரண்டு புள்ளி வித்தியாசத்துக்காகவே பல கருத்தரங்குகளின் பெயரில் 'பன்னாட்டு' வந்து ஒட்டிக்கொள்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் இணையவழியில் பத்து நிமிடம் வாழ்த்திப் பேசுவதால் ஒரு கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிடாது.

1964இல் டெல்லியில் தொடங்கப்பட்ட உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தன் மாநாடுகளை 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரீஸ், 1974இல் யாழ்ப்பாணம் என்று ஊர் மாற்றி ஊர் நடத்தியது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இரண்டு பேராவது உண்மையாக வேலை செய்கிறார்களா என்று பாருங்கள். செய்கிறார்கள் என்றால் பெயரைத் தயங்காமல் போடலாம்.

2. ஆறு மாதம் போதும்தானே?

தேசியக் கருத்தரங்குக்குப் போதும். இதற்கு ஓராண்டு வேண்டும். கட்டுரைச் சுருக்கம் கேட்கும் அறிவிப்புக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவிலேயே ஒன்பது மாத இடைவெளி தேவை. ஏற்புக் கடிதம் நிகழ்ச்சிக்கு ஐந்து மாதம் முன்பாவது வெளிநாட்டவர் கையில் இருக்க வேண்டும். அதைக் காட்டித்தான் அவர் தன் பல்கலைக்கழகத்தில் பயண நிதி கேட்க முடியும். நம் ஊர் வழக்கப்படி 'இறுதி நாள் நீட்டிக்கப்பட்டது' என்று மூன்று முறை அறிவித்துக்கொண்டிருந்தால் அந்த நிதிக்கான கெடு அங்கே முடிந்துவிடும்.

3. டிசம்பரில் வைக்கலாமா? அவர்களுக்கு அப்போதுதான் விடுமுறை.

விடுமுறை அவர்களுக்கு, புயல் நமக்கு. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நிவர் 2020 நவம்பர் 25 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் முடிய இந்தக் கடற்கரையில் பன்னாட்டு நிகழ்ச்சி வைப்பவரின் துணிச்சலைப் பாராட்டலாம், பின்பற்ற வேண்டாம்.

பொங்கல் முடிந்த அடுத்த வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரம் வரை சரியான காலம். வெயில் ஏறியிருக்காது, தேர்வுகளும் பெரும்பாலும் தொடங்கியிருக்காது. அதிலும் புதன், வியாழன், வெள்ளியாக வையுங்கள். சனி, ஞாயிறுகளில் சென்னையும் பெங்களூரும் புதுச்சேரியில் வந்து இறங்கிவிடும். விடுதி வாடகை எகிறிவிடும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் வண்டி நகராது என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்தில் நடத்துவதானால் மார்கழித் திருவாதிரை, ஆனித் திருமஞ்சனம் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைக்காது.

4. துணைவேந்தர் வாய்மொழியாகச் சரி என்றுவிட்டார். அறிவித்துவிடலாமா?

கூடாது. பதிவாளர் கையெழுத்திட்ட ஆணை வரட்டும். அடுத்து வரும் விசா வேலைகளுக்கு அந்தத் தாளின் நகல்தான் முதல் பக்கம்.

5. அழைப்புக் கடிதம் அனுப்பினால் விசா கிடைத்துவிடாதா?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இந்தியாவில் கருத்தரங்குக்கு வருபவருக்கென்றே மாநாட்டு விசா இருக்கிறது. பல நாட்டவர் அதை மின்விசாவாகவே பெறலாம். விண்ணப்பத்தில் உங்கள் அழைப்புக் கடிதத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதி, உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதி ஆகியவற்றின் நகலும் கேட்கப்படும். இந்த அனுமதிகளை வாங்க வேண்டியவர் விருந்தினர் கிடையாது, நீங்கள். உங்கள் நிறுவனத்துக்கு நிர்வாக முறையில் மேலே உள்ள அரசுத் துறையின் ஒப்புதலும் தேவைப்படும். ஆகவே கோப்பு பல மேசைகளில் உட்கார்ந்து எழுந்து வரும். சில நாடுகளிலிருந்து வருவோர் என்றால் பாதுகாப்பு அனுமதி தனியாகவும் வேண்டியிருக்கும்.

அழைப்புக் கடிதத்தில் விருந்தினரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நமக்கு இது எளிதில் புரிவதில்லை. கட்டுரைச் சுருக்கத்தில் 'க. இளங்கோ' என்று இருக்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக, குடும்பப் பெயர் கட்டத்தில் அச்சாகியிருக்கும். ஏற்புக் கடிதம் அனுப்பும்போதே கடவுச்சீட்டின் முதல் பக்க நகலைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். கருத்தரங்கின் பெயர், நாட்கள், இடம், அவர் என்ன செய்யப் போகிறார், செலவை யார் ஏற்கிறார்கள் ஆகிய ஐந்தும் கடிதத்தில் இருக்க வேண்டும். 'தங்கள் மேலான வருகையால் எங்கள் துறை பெருமையடையும்' என்ற வரி தூதரகத்துக்குத் தேவையில்லை.

6. சுற்றுலா விசாவில் வந்து கட்டுரை வாசித்துவிட்டுப் போகட்டுமே. யார் பார்க்கப் போகிறார்கள்?

விமான நிலையத்தில் குடியேற்ற அலுவலர் 'எதற்கு வருகிறீர்கள்' என்று கேட்பார். வந்தவர் பொய் சொல்லத் தெரியாத பேராசிரியராக இருப்பார். அழைப்பிதழில் அவர் படம் போட்டு ஊரெல்லாம் பரப்பியிருப்பீர்கள். விசா வகைக்குப் பொருந்தாத செயலுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்; அடுத்த முறை விண்ணப்பிக்கும்போதும் அது குறுக்கே நிற்கும். தயவுசெய்து யாருக்கும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

7. யாழ்ப்பாணத்தவர், மலேசியத் தமிழர் எல்லாம் நம்மவர்தானே. அவர்களுக்கும் இவ்வளவு தாளா?

விசா கடவுச்சீட்டைத்தான் பார்க்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரண்டோவில் குடியேறியவர் கனடா நாட்டவர். 2023 செப்டம்பரில் கனடா நாட்டவருக்கு இந்தியா விசா வழங்குவதை நிறுத்தியது. அக்டோபர் இறுதியில் மாநாட்டு விசா உள்ளிட்ட சில வகைகள் மட்டும் மீண்டன. மின்விசா நவம்பரில்தான் திரும்பியது. இப்படி நடக்கும் என்று எவரும் முன்கூட்டி அறிய முடியாது. எனவே ஒரே நாட்டு விருந்தினர்களை நம்பி மைய உரைகள் அனைத்தையும் அமைக்காதீர்கள். வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகனுக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு விசா தேவையில்லை.

8. சென்னையில் இறங்கி எப்படி வருவார்கள்?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கே சேவை அவ்வப்போது தொடங்கும், நிற்கும். அதை நம்பித் திட்டமிட முடியாது. சென்னைதான் வாசல். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் மூன்று மணி நேரம். வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இறங்குகின்றன. பதினான்கு மணி நேரம் பறந்து வந்தவரைப் பேருந்தில் ஏறி வரச் சொல்வது நியாயமாக இருக்காது. இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரு வண்டி அனுப்புங்கள். ஓட்டுநரின் பெயர், கைப்பேசி எண், வண்டி எண் மூன்றும் விருந்தினர் விமானம் ஏறும் முன்பே அவரிடம் இருக்கட்டும். அவர் இறங்கியதும் அவருடைய கைப்பேசியில் இணையம் இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து வரும்போது காலாப்பட்டு முதலில் வரும். புதுச்சேரி நகரம் அதற்கு அப்பால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல். 'பாண்டிச்சேரி' என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் நேராக நகரத்துக்குள் போய்விடுவார். கடலூருக்கு ரயிலில் வருபவரிடம் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கச் சொல்லுங்கள். கடலூர் துறைமுகம் சந்திப்பு என்ற பெயரைப் பார்த்து அங்கே இறங்கினால் முதுநகரில் நிற்பார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. சிதம்பரம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வளாகம்.

9. விருந்தினர் விடுதியில் இடம் போதவில்லை. பேராசிரியர்கள் வீட்டில் தங்க வைக்கலாமா?

அன்பு புரிகிறது. ஆனால் வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும், தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு 'படிவம் சி', 2025 முதல் 'படிவம் III') இணையத்தில் நிரப்ப வேண்டும். ஓட்டல்காரர்கள் வழக்கமாகச் செய்துவிடுவார்கள். பல்கலைக்கழக விடுதியில்தான் பொறுப்பாளர் விடுப்பில் போயிருப்பார். யார் நிரப்புவது என்று பெயர் குறித்து ஒருவரை நியமியுங்கள்.

நகரத்தில் தங்கினால் மாலையில் கடற்கரையில் நடக்கலாம், வெளிநாட்டவருக்கு அதுவே பெரிய ஈர்ப்பு. வளாகத்தில் தங்கினால் காலை அமர்வு நேரத்துக்குத் தொடங்கும். நான் வளாகத்தின் பக்கம். கடற்கரைக்கு ஒரு மாலை பேருந்து விட்டால் போகிறது.

10. காலாப்பட்டிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் தமிழ்நாடு வருகிறதாமே. அதனால் நமக்கு என்ன?

நடுவில் உள்ள பொம்மையார்பாளையமும் கோட்டக்குப்பமும் விழுப்புரம் மாவட்டம். வாடகை வண்டி பேசும்போது இரு பக்கமும் ஓட அனுமதி உள்ளதா என்று கேளுங்கள். இன்னொன்றை விருந்தினரிடம் நாசூக்காகச் சொல்லி வைக்க வேண்டும்: புதுச்சேரியில் மலிவாக வாங்கிய மதுப்புட்டியோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் போனால் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். வரவேற்புப் பையில் வைக்கும் தகவல் தாளில் ஒரு வரி போதும். நேரில் சொல்ல நம் பேராசிரியர்களுக்குக் கூச்சம்.

11. வெளிநாட்டவருக்குக் கட்டணத்தை டாலரில் வைத்துவிடலாமா?

வைக்கலாம். ஆனால் 'வெளிநாட்டவர்' என்ற ஒரே தட்டில் அமெரிக்கப் பேராசிரியரையும் இலங்கையின் கிழக்குப் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவரையும் வைப்பது அநியாயம். இலங்கை, வங்கதேசம், நேபாளம் போன்ற நாட்டவருக்கு உள்நாட்டுக் கட்டணமே போதும். மாணவருக்கு அதில் பாதி.

பணம் கட்டும் வழியை அறிவிக்கும் முன், வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பரைக் கொண்டு உண்மையான அட்டையில் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். பல்கலைக்கழகங்களின் கட்டண வாயில்கள் பல இந்திய வங்கி அட்டையைத்தான் ஏற்கும். அது சரிப்படவில்லை என்றால், வந்த பிறகு ரூபாயாகக் கட்டி ரசீது பெறலாம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

12. பணம் எங்கே கிடைக்கும்? வெளிநாட்டு அமைப்பு ஒன்று தரத் தயாராக இருக்கிறது.

சமூக அறிவியலுக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், தமிழாய்வுக்குச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், அறிவியலுக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். விண்ணப்பத்தின் கெடு 2ஆம் கேள்வியில் சொன்ன ஓராண்டுக்குள் அடங்கும்படி திட்டமிடுங்கள்.

வெளிநாட்டு அமைப்பின் நன்கொடை வேறு விவகாரம். பங்கேற்பாளர் கட்டும் பதிவுக் கட்டணம் ஒரு சேவைக்கான விலை. அமைப்பு தரும் உதவித்தொகை வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வரும். உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு அந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லையென்றால் ஒரு பைசாவும் வாங்காதீர்கள். அந்த அமைப்பே விருந்தினருக்கு நேரடியாக விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

13. அமைச்சர் வருகிறார். தொடக்க விழாவை எப்படிச் சுருக்குவது?

முழுமையாக முடியாது, கட்டுப்படுத்தலாம். மேடையில் பதினோரு நாற்காலி. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு. பொன்னாடை போர்த்துபவர் யார் என்று ஒவ்வொரு பெயராக அழைத்து, அவர் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, புகைப்படக்காரர் 'இன்னொரு முறை' என்று சொல்லி, போர்த்தி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போயிருக்கும். கடைசியில் ஹைடெல்பெர்க்கிலிருந்து மைய உரைக்காக வந்தவரிடம் 'பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்' என்று துண்டுச்சீட்டு போகும். இதை எத்தனை மேடைகளில் பார்த்தாலும் எனக்குப் பழகவில்லை.

மைய உரையைத் தொடக்க விழாவிலிருந்து பிரித்து, தேநீருக்குப் பிறகு தனி அமர்வாக வையுங்கள். அமைச்சர் கிளம்பியிருப்பார், கேமராக்களும் போயிருக்கும், கேட்க வேண்டியவர்கள் மட்டும் இருப்பார்கள். இந்த ஒரு மாற்றத்தை எந்தத் துறைத் தலைவரும் மறுத்ததில்லை, ஏனென்றால் இதில் யாருடைய நாற்காலியும் குறைவதில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: காலாப்பட்டில் நடத்தினால் பாரதிதாசன் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்து, கடலூரிலோ சிதம்பரத்திலோ நடத்தினால் மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது. ஒலிப்பதிவு போடும் மாணவரிடம் முதல் நாளே சரிபாருங்கள்.

14. இருநூறு கட்டுரைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டுரைக்கு இருபது நிமிடம் வாசிப்பு, பத்து நிமிடம் கேள்வி. ஒன்றரை மணி நேர அமர்வில் மூன்று கட்டுரை. நாளுக்கு நான்கு அமர்வு என்றால் ஓர் அரங்கில் பன்னிரண்டு. மூன்று நாள், மூன்று அரங்கு வைத்தாலும் 108தான். இருநூறை ஏற்றால், கேள்விக்கான பத்து நிமிடம் போக, வாசிக்க ஆளுக்கு ஆறு நிமிடம் என்று ஆகும். தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் மணி அடிப்பார்கள்.

முனைவர் பட்ட மாணவர்கள் கூட்டமாக வருவதற்குக் காரணம் இருந்தது. 2016 விதிமுறைப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகள் கட்டாயம். 2022 விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் வைத்திருக்கின்றன. அவர்களுக்காகச் சுவரொட்டி அமர்வு ஒன்று வையுங்கள். வெளிநாட்டு ஆய்வாளர் ஒவ்வொரு சுவரொட்டியாக நின்று பேசிப் போகும்போது, ஆறு நிமிட மேடையில் கிடைக்காத உரையாடல் அங்கே நடக்கும்.

15. ஆய்வுக்கோவையை முதல் நாளே வெளியிட வேண்டும் என்கிறார்கள். ஸ்கோபஸில் வருமா என்றும் கேட்கிறார்கள்.

முதல் நாளே வெளிவரும் நூலில் விவாதத்தின் பயன் எதுவும் இருக்காது. அன்றைக்குச் சுருக்கங்களின் தொகுப்பு போதும். திருத்திய முழுக் கட்டுரைகள் எட்டு மாதம் கழித்து வரட்டும். நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் கட்டணமின்றியே பெறலாம். அந்த எண் இருப்பதாலேயே நூலுக்குத் தரம் வந்துவிடாது.

ஸ்கோபஸ் என்பது ஆய்வு வெளியீடுகளின் பன்னாட்டுத் தரவுத்தளம். அதில் சேர்ப்பது நூல் வரிசையையும் இதழையும் வெளியிடும் பதிப்பகத்தைப் பொறுத்தது. ஒருங்கிணைப்பாளர் வாக்குக் கொடுக்க முடியாத ஒன்றை அறிவிப்பில் அச்சடிக்காதீர்கள். 'கேர் பட்டியல் இதழில் வெளியிடப்படும்' என்ற பழைய வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். தரமான இதழ்கள் என்று தான் வைத்திருந்த அந்தப் பட்டியலையே மானியக் குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது.

16. வர முடியாதவர்களுக்கு இணையவழியில் இடம் கொடுக்கலாமா?

ஒரு நாளைக்கு ஓர் அமர்வு, அதுவும் மாலையில். நமக்கு மாலை 6.30 என்றால் குளிர்காலத்தில் சிகாகோவில் காலை 7, பாரீஸில் பிற்பகல் 2, சிங்கப்பூரில் இரவு 9. மூன்று பேரும் விழித்திருக்கும் நேரம் இதைத் தவிர அதிகம் இல்லை. காலை அமர்வுகளின் நடுவில் இணையப் பேச்சாளரைச் செருகினால், 'கேட்கிறதா, கேட்கிறதா' என்பதிலேயே அரங்கு சோர்ந்துவிடும்.

17. தமிழில் கட்டுரை வாசிக்கலாமா? வெளிநாட்டவருக்குப் புரியாதே.

தமிழ்த் துறைக் கருத்தரங்கு என்றால் வருகிறவர்களில் பலர் தமிழ் படித்தவர்கள். நம் மாணவர் ஆங்கிலத்தில் திணறுவதைவிட அவர் தமிழில் தெளிவாகப் பேசுவதையே விரும்புவார்கள். பிற துறைகளில் ஒரு வழி உண்டு: தமிழில் பேசுபவர் தன் படவில்லைகளை ஆங்கிலத்தில் வைக்கட்டும். தலைமை தாங்குபவர் இரு மொழியும் அறிந்தவராக இருந்து, கேள்விகளை இரு பக்கமும் சொல்லட்டும்.

18. சாப்பாடு, தேநீர்?

உணவுப் பெயர்களோடு சைவம், அசைவம், பால் சேர்த்தது, நிலக்கடலை சேர்த்தது என்று அட்டை வையுங்கள். காரம் குறைந்த குழம்பு ஒன்று இருக்கட்டும். தேநீர் இடைவேளை முப்பது நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஒரே காபி டிரம்முக்கு முன் நூறு பேரை நிறுத்தினால் இடைவேளை வரிசையிலேயே முடிந்துவிடும். மூன்று இடத்தில் வையுங்கள்.

19. ஒரு நாள் சுற்றுலாவுக்கு எங்கே அழைத்துப் போவது?

அரிக்கமேட்டைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த இடம், ரோமானிய வணிகத் தொடர்பு என்று பெரிய பெயர். போனால் பார்ப்பதற்குச் சில செங்கல் சுவர்களும் மரங்களும்தான். தொல்லியல் தெரிந்த ஒருவர் உடன் வந்து விளக்கினால் மட்டும் போங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் முன்கூட்டி அனுமதி வாங்கினால் நூலகத்தைக் காட்டலாம். அங்குள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தவை. கடலூர்ப் பக்கத்தில் நடத்துவோர் காலையில் சிதம்பரம் கோயில், பிற்பகலில் பிச்சாவரம் என்று வைக்கலாம். பிச்சாவரத்தில் படகில் ஏற வேண்டும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

20. சரியான மாதத்தில்தான் வைத்தோம். அப்படியும் கனமழை எச்சரிக்கை வந்துவிட்டால்?

முடிவெடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். குழு கூடிப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே வந்து இறங்கியவர்களை வளாகத்திலேயே வைத்து, 16ஆம் கேள்வியில் சொன்ன இணைய ஏற்பாட்டை அவர்களோடு இணைத்து நடத்திவிடலாம். மின்னாக்கி ஓடும் ஓர் அரங்கு எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் விடுமுறை விட்டால் மாணவர்களை வரச் சொல்லாதீர்கள்.

21. எல்லாரும் போய்விட்டார்கள். இனி என்ன இருக்கிறது?

கணக்கு இருக்கிறது. மானியம் கொடுத்தவருக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் மீதித் தொகை வரும். கணக்குப் பிரிவு ஒவ்வொரு விருந்தினருக்கும் விமானச் சீட்டு, கட்டண ரசீது, போர்டிங் பாஸ் கேட்கும். வந்த பயணத்தின் பாஸை அவர் விடுதி அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கையோடு வாங்கிவிடுங்கள். திரும்பும் பயணத்தின் பாஸைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், ஊர் சேர்ந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள் என்று வண்டி ஏற்றிவிடும்போது சொல்லுங்கள். மறுநாள் ஒரு நினைவூட்டல் மின்னஞ்சலும் போகட்டும்.